செட் என்றால் 430 அர்த்தமா?

கேள்வி | 2023 ஜூலை 4, காலை 9.12

ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் "செட்"தான், அதற்கு மட்டும் 430 அர்த்தம் என்று ஒரு வினாடி வினாவில் பார்த்தேன். உண்மையா? இத்தனையையும் அந்த ஊர்க்காரர்கள் எப்படித்தான் மனதில் வைத்திருக்கிறார்களோ. நல்லவேளை, நம் முன்னோர் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், மிஞ்சிப்போனால் இரண்டு என்று வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இந்தச் சொல் வந்தால் என்ன செய்வீர்கள்?

ஜூலை 4, மதியம் 1.30

என்ன செய்வேன், தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவேன். இருபது வருடத்துக்கு மேலாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், வாஷிங் மெஷின் கையேடு, செல்போன் செயலி, விவசாயத் துண்டறிக்கை, எது வந்தாலும் செய்வேன். பெரிய சொற்கள் என்னைப் படுத்தியதே இல்லை. தெர்மோடைனமிக்ஸ் என்று வந்தால் வெப்ப இயக்கவியல் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் முடிகிற இந்தப் பயல்கள் இருக்கிறார்களே, செட், ரன், புட், கெட், இவர்கள்தான் கழுத்தை அறுப்பவர்கள்.

430 என்பது ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டு பதிப்பை வைத்துச் சொல்வது. மொத்தம் 20 தொகுதி. அதில் இந்த ஒரு சொல்லுக்கான பதிவே சுமார் 60,000 சொற்கள் நீளும், அதாவது ஒரு நாவல் அளவுக்கு. ஆகவே வினாடி வினாக்காரர் சொன்னது சரி, முதலிடம் செட்டுக்குத்தான்.

ஜூலை 4, மாலை 6.05

திருத்தம். முதலிடம் கைமாறிவிட்டது, பழைய நினைப்பில் எழுதிவிட்டேன். அந்த அகராதியைப் புதுப்பிக்க உட்கார்ந்தவர்கள் முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்காமல் நடுவில் எம் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ரன் வரைக்கும் வந்து சேர 2011 ஆகிவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் அந்த ஒரு வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் குடித்தனம் நடத்தி 645 பொருள் பிரித்தார். ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையே பெற்றுவிடலாம்.

ரன் இப்படிப் பெருத்ததற்குப் பாதிக் காரணம் இயந்திரங்கள். ரயில், மோட்டார், தொழிற்சாலை, கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம் வரை எல்லாம் அவர்களுக்கு "ஓடுகிறது". நமக்கும்தான்: பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பு ஏதோ ஓடுகிறது. மூக்கு மட்டும் அவர்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும்.

ஜூலை 5, இரவு 11.20

செட்டால் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

செயலிகளை மொழிபெயர்க்கும்போது முழு வாக்கியம் கையில் வராது. எக்செல் தாளில் வரிசையாகத் துண்டு துண்டாக வரும்: சரி, ரத்து, பின்செல், சேமி. அப்படி 214ஆவது வரியில் தனியாக ஒரு "செட்" நின்றது. பக்கத்தில் விளக்கம் கிடையாது, படம் கிடையாது. மேலே கீழே பார்த்தேன், அலாரம், நேரம், நினைவூட்டல் என்று இருந்தது. சரி, அலாரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று "அமை" என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

அது உடற்பயிற்சிச் செயலி. அதே 214ஆவது வரியை அலாரம் பொத்தானுக்கும் எடுத்துக்கொண்டார்கள், தண்டால் எண்ணிக்கைக்கும் எடுத்துக்கொண்டார்கள். வெளியான மறுநாள் அக்காள் மகன் போனை நீட்டினான். வியர்வை ஒழுகத் தரையில் கிடக்கும் ஒரு ஆள் படம், கீழே கொட்டை எழுத்தில் "அமை 1", கொஞ்சம் ஓய்வு, பிறகு "அமை 2", "அமை 3". "மாமா, யாரை அமைக்கணும்?" என்றான்.

நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையது மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும், இறந்த காலத்துக்கும் அதே முகம்தான். அதனால் எழுதியவருக்கு ஒரே வரி போதுமானதாக இருந்தது. தமிழில் இரண்டு வரி வேண்டும். கேட்டிருக்கலாம். அவசரம். ஒரு சொல்லுக்கு 80 பைசா வாங்கிக்கொண்டு ஒரு சொல்லுக்காக மூன்று மின்னஞ்சல் எழுதச் சோம்பல், உண்மையைச் சொன்னால் அதுதான்.

ஜூலை 6, காலை 7.45

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே சொல்லில் இருந்து எப்படி இத்தனை கிளை விட்டது என்று.

ஒரே சொல் இல்லை, அங்கேதான் சூட்சுமம். குறைந்தது இரண்டு சொல் வந்து ஒரே வேஷத்தில் நிற்கின்றன. வினைச்சொல் பழைய ஆங்கிலம், "செட்டன்" என்பது அதன் பழைய உருவம். கூட்டம், தொகுப்பு என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் "செக்டா"வில் இருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றிப் போகும் கூட்டம் என்று அர்த்தம். மதப்பிரிவைச் சொல்லும் "செக்ட்" என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்ததும் வீட்டில் ஏற்கெனவே இருந்ததும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்டதால் காலப்போக்கில் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறிவிட்டது. ஆக, அலாரத்துச் செட்டும் தண்டால் செட்டும் அண்ணன் தம்பி இல்லை, ஒரே பெயர் வைத்த அடுத்த வீட்டுக்காரர்கள். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அக்காள் மகனிடம் வக்கணையாகப் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூலை 6, காலை 8.10

இன்னொன்று, இதை விட மனமில்லை. அந்தச் "செட்டன்" தானாக வந்தது இல்லை, "சிட்" என்பதன் பிறவினை. உட்கார் என்பது சிட், உட்காரச் செய் என்பது செட். உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றித் தன்வினையைப் பிறவினை ஆக்குகிற வித்தை ஆங்கிலம் பிறந்த ஜெர்மானியக் குடும்பத்து மொழிகளில் ஒரு காலத்தில் நன்றாக நடந்திருக்கிறது. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை சில எச்சங்கள்தான்: விழுவதற்கு ஃபால், மரத்தை வெட்டி விழவைப்பதற்கு ஃபெல். நாம் ஓடு, ஓட்டு, உருள், உருட்டு, திரும்பு, திருப்பு என்று எழுத்தை வலித்துச் செய்வதை அவர்கள் உயிரை மாற்றிச் செய்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நாம் இன்னும் செய்கிறோம், அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஜூலை 8, இரவு 9.50

மொழிபெயர்ப்புக்கு வருமுன் ஒரு நாளிதழில் செய்திப் பிரிவில் ஒன்றரை வருடம் இருந்தேன். ஏஜென்சிச் செய்தி ஆங்கிலத்தில் வரும், தமிழில் சுருக்கிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது வாரம், கீழ்க்கோர்ட் உத்தரவை உயர் நீதிமன்றம் "செட் அசைடு" செய்தது என்று ஒரு செய்தி. எனக்குத் தெரிந்த செட் அசைடு சமையல் குறிப்பில் வருவதுதான். வெங்காயத்தை வதக்கித் தனியாக எடுத்து வைக்கவும், அந்த வகை. ஒதுக்கி வைத்தது, ஆக ஒத்திவைத்தது என்று எழுதிவிட்டேன்.

மூத்தவர் ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். "தம்பி, ஒத்திவைத்தால் தீர்ப்பு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இங்கே தீர்ப்பு வந்து, பழைய உத்தரவு செத்தே போய்விட்டது" என்று சிவப்பு மையால் அடித்து "ரத்து செய்தது" என்று எழுதினார். நல்லவேளை அச்சுக்குப் போகவில்லை. போயிருந்தால் கேஸ் ஜெயித்தவர் மறுநாள் பேப்பரைப் பார்த்துவிட்டு வக்கீல் வீட்டுக்கு ஓடியிருப்பார்.

செட் தனியாக வந்தாலாவது பரவாயில்லை. வாலில் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிக்கொண்டால் ஆளே மாறிவிடும். செட் அவுட் என்றால் கிளம்புவது. செட் இன் என்றால் மழையோ குளிரோ வந்து உட்கார்ந்துகொள்வது. செட் ஆஃப் என்றால் கிளம்புவதும் உண்டு, வெடியை வெடிப்பதும் உண்டு, வருமான வரிக்காரரிடம் போனால் ஒரு கணக்கில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழிப்பதும் உண்டு. செட்டப் நம்மூருக்கே வந்துவிட்டது. வந்த இடத்தில் அது எடுத்த அர்த்தங்களில் ஒன்றைக் குடும்பத்தோடு படிப்பவர்கள் இருப்பதால் விடுகிறேன்.

ஜூலை 9, மதியம் 12.15

ஞாயிற்றுக்கிழமை. தம்பி வீட்டில் மாடிக்குத் தளம் போடுகிறார்கள், அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். கொத்தனார் சித்தாளை விரட்டுகிறார்: "கலவை செட் ஆவுறதுக்குள்ள சட்டிய நகத்தும்மா!" பள்ளிக்கூடம் தாண்டாத மனிதர், சொல்லைத் துல்லியமாகப் பயன்படுத்துகிறார். சிமென்ட் விஷயத்தில் செட் ஆவது வேறு, கெட்டியாகிப் பலம் ஏறுவது வேறு. நம் நாட்டுத் தர விதிப்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் 30 நிமிஷத்துக்கு முன்னால் செட் ஆகத் தொடங்கவும் கூடாது, 600 நிமிஷத்தைத் தாண்டி இழுக்கவும் கூடாது. சட்டென்று இறுகிவிடாமல் இருக்கத்தான் அரைக்கும்போதே கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். பலம் ஏறுவது அதற்கப்புறம் நாள்கணக்கில் நடக்கும்.

செட் ஆவது என்றால் காய்வது என்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறான். "வெயில் நல்லா அடிக்குது, சீக்கிரம் செட் ஆயிடும்" என்றான். கொத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். காய்ந்தால் கெட்டுப்போகும், தண்ணீரோடு சேர்ந்து வினை நடந்தால்தான் இறுகும். அதனால்தான் மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். ஒரு பூனை ஓரமாக நடந்துபோய் நாலு பாதத்தைப் பதித்துவிட்டது. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாருங்கள், ஆங்கிலத்தில் சிமென்டும் செட் ஆகும், ஜெல்லியும் செட் ஆகும், தயிரும் செட் ஆகும், சூரியனும் செட் ஆகும். தமிழில் சிமென்ட் இறுகும், தயிர் உறையும் (தோயும் என்றும் சொல்வோம்), பொழுது சாயும். எலும்பை அவர்கள் செட் செய்வார்கள், நாம் கட்டுப் போடுவோம். நான்கு வேலைக்கு நான்கு ஆள். அந்த வகையில் கேள்வி கேட்டவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

ஜூலை 11, காலை 6.30

வாலில் ஒரு "டி" கூடுதலாகப் போட்ட செட் ஒன்று உண்டு. கரும்பு பற்றிய துண்டறிக்கை ஒன்றில் எக்டேருக்கு 75,000 இரு பரு (இரண்டு முளை உள்ள) "செட்" என்று வந்தது. எழுத்துப்பிழை என்று நினைத்து ஒரு "டி"யை அடித்துவிட்டுத் "தொகுப்பு" என்று எழுதப் போனேன். ஊரில் மாமாவிடம் போன் போட்டுக் கேட்டேன். "கரணையத்தான் சொல்றான்டா" என்றார். பேசியது பத்து விநாடி. நடுவதற்காக நறுக்கி வைக்கும் கரும்புத் துண்டு கரணை. மண்ணில் வைப்பதால் அது செட். அதே எழுத்தில் வளைக்கரடியின் வளைக்கும் பெயர், தெருவில் பாவுகிற சதுரக் கல்லுக்கும் பெயர்.

ஜூலை 12, இரவு 1.05

தூக்கம் வரவில்லை. மாமா "மண்ணில் வைக்கிறது" என்று சொன்னதே மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுந்து லைட்டைப் போட்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்.

பொறியை செட் செய்வது, பொறி வைப்பது. தீயை, தீ வைப்பது. அலாரத்தை, அலாரம் வைப்பது. விலையை, விலை வைப்பது. பரீட்சையை, பரீட்சை வைப்பது. மோதிரத்தில் கல்லை, கல் வைப்பது. கன்றை மண்ணில், கன்று வைப்பது. ஒதுக்கி செட் செய்வது, எடுத்து வைப்பது.

அதோடு நிற்கவில்லை. குழம்பு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், மீசை வைக்கிறோம், கடை வைக்கிறோம், கடன் வைக்கிறோம், குறி வைக்கிறோம், ஆசை வைக்கிறோம், போனை வைக்கிறோம் (போன் கையிலேயே இருந்தாலும்). துணைவினையாக வந்தால் கேட்கவே வேண்டாம். சொல்லி வை என்றால் முன்கூட்டியே சொல், எதற்கும் ஒரு ஏற்பாடு. தொலைத்து வைத்தான் என்றால் எரிச்சல். அழவைத்தான் என்றால் பிறவினை.

அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் லைட்டைப் போட்டேன். செட்டின் ஆதிப் பொருள் உட்காரச் செய் என்று 6ஆம் தேதி எழுதினேன் இல்லையா, அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? உட்கார வை. ஆங்கிலேயன் உயிரெழுத்தை மாற்றிச் செய்ததை நாம் "வை" போட்டுச் செய்கிறோம். அந்த ஊருக்கு செட் எதுவோ, இந்த ஊருக்கு "வை" அது. ஒரு தமிழன் ஒருநாள் முழுக்க இந்தச் சொல் இல்லாமல் குடும்பம் நடத்தட்டும் பார்க்கலாம்.

கேள்வி கேட்ட ஐயா, உங்கள் கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்ல வந்த இரண்டு வாக்கியத்திலும் "வைத்திருக்கிறார்கள்".

ஜூலை 12, காலை 10.40

கேள்விக்காரர் கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டிருக்கிறார். ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் நடுராத்திரி உற்சாகத்தில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். செட்டும் வையும் அச்சுப் பிசகாமல் பொருந்தவில்லை. அவன் சூரியனையும் தயிரையும் சிமென்டையும் தானாக செட் ஆக விடுவான். "வை"க்குச் செய்கிற ஆள் ஒருவர் வேண்டும், தயிர் தானாக "வைக்காது". அதனால்தான் நம்மவர்கள் "செட் ஆகிறது" என்று அந்தப் பாதியை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். "அந்தக் கலர் உனக்கு செட் ஆகல", "ரெண்டு பேருக்கும் செட் ஆயிடுச்சு" என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இல்லாத செட். லண்டன்காரனிடம் சொன்னால் முழிப்பான்.

ஜூலை 13, இரவு 8.00

"வை" என்றால் திட்டு என்று ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார். ஆமாம், அதை விட்டுவிட்டேன். வைத்தான் வேறு, வைதான் வேறு. செட்டுக்கு இரண்டு மூலம் என்றால் "வை"க்கும் குறையில்லை. இரண்டையும் ஒரே அடியில் கட்டிப்போட்டவர் அருணகிரிநாதர்: "முத்தமிழால் வைதாரையும் ஆங்கு வாழவைப்போன்". திட்டுகிற வை, பிறவினை வை. அதுவும் தமிழில் திட்டினால் முருகன் வாழவைப்பானாம், என்ன சலுகை பாருங்கள். இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியர் "வையே கூர்மை" என்கிறார். வைக்கோலில் உள்ள வையும் ஒன்று இருக்கிறது. போதும்.

ஜூலை 15, மாலை 5.25

கணிதத்து செட்டுக்கு என்ன சொல்வது என்று கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டுப் பாடநூலில் "கணம்". இதைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "எங்களுக்குப் பள்ளியில தொடை எண்டுதான் படிப்பிச்சவை" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், இலங்கைப் புத்தகத்தில் தொடை. நம் பையன்கள் வகுப்பில் சிரிப்பார்கள், ஆனால் தொடுக்கப்பட்டது தொடை, மாலைக்கும் அதே பெயர், செய்யுளில் எதுகை மோனைக்கும் அதே பெயர். யோசித்தால் கணத்தைவிட அழகாகக்கூட இருக்கிறது. கணம் மட்டும் என்ன சுத்தமா? நொடியும் கணம், சிவனுக்குப் பின்னால் ஆடும் பூதக்கூட்டமும் கணம். வெற்றுக் கணம் என்று கேட்டால் எனக்குச் சும்மா கழிந்த நிமிஷம்தான் ஞாபகம் வருகிறது.

தொகுப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கணிதமேதை கேன்டர் தலையை உடைத்துக்கொண்டார். டென்னிஸ்காரர்களும் 2010 விம்பிள்டனில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள், இஸ்னரும் மஹூவும் ஆடிய கடைசி செட் 70-68. எட்டு மணி நேரம் பதினோரு நிமிஷம், ஒரே செட். நம் பத்திரிகைகள் "நேர் செட்களில் வென்றார்" என்று எழுதிவிடுகின்றன. நல்ல காரியம், யாரும் "நேர் கணங்களில்" என்று எழுதவில்லை.

ஜூலை 16, காலை 11.00

கடன் வாங்கிய செட்டை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள். பட்டியல் வேண்டாம், எங்கள் ஊரையே சொல்கிறேன். காலையில் பம்பு செட்டில் குளியல், கோவிலில் மைக் செட், கல்யாணத்துக்கு நகை செட், தாத்தாவுக்குப் பல் செட். டம்ளரில் ராத்திரி போட்டு வைப்பார், அதில் நாலு பல் உடைந்திருந்தாலும் அது செட்தான். இவற்றில் சிலது ஆங்கிலத்தில் அப்படியே இல்லை, ஆனால் வேலை செய்யத் தேவையானதெல்லாம் சேர்ந்து இருப்பது என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் தானாக ஓட்டியிருக்கிறது. ஹோட்டலில் செட் தோசை என்றால் இரண்டு தோசை.

அப்புறம் ஆச்சியின் செட்டு. அக்காள் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து ஆச்சி சொன்னாள், "அந்தப் புள்ள செட்டா இருப்பா போலிருக்கு." பையனுக்கு முகமெல்லாம் பல். தனக்கு செட் ஆகும் என்று ஆச்சியே சொல்லிவிட்டாள் என்று நினைத்துவிட்டான். ஆச்சி சொன்னது தமிழ்ச் செட்டு, கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துவது, அதாவது காசை எண்ணிச் செலவழிக்கிறவள். கேட்டதும் பையன் கையிலிருந்த புதுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஜூலை 16, மதியம் 2.20

அந்த 214ஆவது வரி என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பொத்தானுக்கு "அலாரம் வை", பயிற்சிக்கு "சுற்று" என்று இரண்டாகப் பிரித்துத் தரச்சொன்னேன். பிரிக்க முடியாது, மற்ற மொழிக்காரர்கள் யாரும் கேட்கவில்லை என்றார்கள். ஆறு வாரம் கழித்து ஜெர்மன்காரரும் கேட்டார், உடனே பிரித்துவிட்டார்கள்.

ஜூலை 19, காலை 8.50

வேலையாகப் பெங்களூரு வந்திருக்கிறேன். செட் தோசை மூன்று வந்தது. மேலே இரண்டு என்று எழுதியதைத் திருத்திக்கொள்ளவும்.